வில்கால்: வளைவைப் பார்க்கும் முன் வயதைக் கேளுங்கள்

பினாங்கில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். கொஞ்ச காலத்துக்கு முன் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பாட்டி தன் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே மருமகள். பையனுக்கு 14 மாதம். நடக்கத் தொடங்கி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. கீழே இறக்கிவிட்டதும் என் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, தொப்பையை முன்னால் தள்ளி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழம் புகுந்து போகும் இடைவெளியோடு நின்றான்.

"பாருங்கம்மா, கவட்டைக்காலா வந்துடுச்சு. பொறந்தப்பவே எண்ணெய் வெச்சு நீவி, காலை நீட்டித் துணியில இறுக்கிக் கட்டுன்னு சொன்னேன். இவ கேட்டாதானே?" என்றார் பாட்டி. மருமகள் ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அதே வாரம் 60 வயதைத் தாண்டிய ஓர் அக்கா வந்தார். முழங்காலின் உட்பக்கத்தில் வலி. "சின்ன வயசுல கால் நேராத்தான்மா இருந்துச்சு. இப்பப் பாரு, சேலை கட்டினாக்கூட வளைவு தெரியுது" என்றார். வீட்டில் எல்லாரும் வயசானால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்களாம். அவரும் மூன்று வருடமாக வலியோடு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வீட்டில் பதற வேண்டாத வளைவுக்கு அழுகை. இன்னொரு வீட்டில் கவனிக்க வேண்டிய வளைவை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வீட்டிலும் புழங்குவது ஒரே சொல்தான். அந்தச் சொல்லை முதலில் சரியாகப் புரிந்துகொள்வோம்.

வில்லும் நாணும்

நேராக நின்று, இரண்டு கணுக்கால்களையும் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் முட்டி இரண்டும் முன்னால் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முழங்கால்களும் ஒன்றையொன்று தொடும், அல்லது தொடுகிற தூரத்தில் இருக்கும். கணுக்கால் சேர்ந்திருந்தும் முழங்கால்கள் நடுவே நன்றாக இடைவெளி விழுந்தால் அதுதான் வில்கால். கணக்குப் பாடத்தில் வரும் பிறை அடைப்பு மாதிரி இரண்டு கால்களும் வெளிப்பக்கம் வளைந்து தெரியும்.

வில் என்ற சொல் இங்கே அழகாகப் பொருந்துகிறது. ஒரு வில்லை நிமிர்த்தி வைத்தால் மரம் வெளியே வளைந்திருக்கும், நாண் நேராக இருக்கும். காலிலும் அப்படி ஒரு நாணைக் கற்பனை செய்துகொள்ளலாம். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரான காலில் அந்த நூல் முழங்காலின் நடுவே, அல்லது அதற்கு வெகு அருகே போகும். வில்காலில் முழங்கால் வெளியே தள்ளியிருப்பதால் நூல் முழங்காலின் உட்பக்கமாகப் போகும். உடம்பின் பாரம் இறங்கும் வழி இந்த நூல்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இந்த நாண் நமக்கு உதவும்.

இதற்கு நேர் எதிரானது முட்டிக்கால். முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும், கணுக்கால்கள் விலகி நிற்கும். இந்தக் காலத்து அம்மாக்கள் முதலாவதை ஓ கால் என்றும் இரண்டாவதை எக்ஸ் கால் என்றும் சொல்கிறார்கள். ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்துச் சொல்வது சுலபமாக இருக்கிறது, தப்பில்லை.

கவட்டைக்கால் என்ற சொல்லைத்தான் நான் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். கவட்டை என்பது மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடம். சின்ன வயதில் மாங்காய் அடிக்க அதைத்தானே வெட்டி ரப்பர் கட்டினோம்? அந்தப் பெயர் வளைந்த காலுக்கும் வழங்குகிறது. ஆனால் காலை அகட்டி நடக்கிற குழந்தையையும் அதே சொல்லால் அழைக்கிறோம். அகட்டி நடப்பது வேறு, கால் வளைந்திருப்பது வேறு. புதிதாக நடக்கும் எந்தக் குழந்தையும் விழாமல் இருக்கக் காலை அகட்டித்தான் வைக்கும். நடுவே கனத்த பேம்பர்ஸ் வேறு இருந்தால் சொல்லவே வேண்டாம். எலும்பு நேராக இருக்கும் பிள்ளைகூட இந்தச் சொல்லில் மாட்டிக்கொள்கிறது.

மலாய்க்காரர்கள் பெங்கார் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அது இரண்டு பக்க வளைவுக்கும் பொது. அதனால் பெங்கார் கெ லுவார், பெங்கார் கெ டாலாம் என்று வெளியேயா உள்ளேயா எனச் சேர்த்துச் சொல்வார்கள். அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வெறுமனே பெங்கார் என்று சொன்னால் எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தட்டைப்பாதம், பிறவியிலேயே பாதம் உள்ளே மடங்கியிருப்பது, யானைக்கால் எல்லாம் வேறு வேறு விஷயங்கள். வில்கால் என்பது முழங்காலை ஒட்டிய வளைவை மட்டும் குறிக்கும்.

இதுவரை பார்த்தது: வில்கால் என்பது ஒரு வடிவத்தின் பெயர். கணுக்கால் சேரும், முழங்கால் சேராது. அந்தப் பெயரை மட்டும் வைத்து அது நோயா இல்லையா என்று சொல்ல முடியாது.

வளைவது வெளியேயா, உள்ளேயா?

மருத்துவரின் கடிதத்தில் ஜெனு வேரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிறைய பேர் குழம்பிப்போகிறார்கள். இணையத்தில் தேடினால் "உட்புறம் சாய்வது" என்று வருகிறது. கால் வெளியேதானே வளைந்திருக்கிறது?

ஒரு கையை முன்னால் நீட்டி விரல்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். நடுவிரலை மட்டும் மூட்டில் லேசாகப் பக்கவாட்டில் தள்ளினால், மூட்டு ஒரு பக்கம் போகும், நகம் மறுபக்கம் திரும்பும். காலிலும் அதே கதை. வில்காலில் முழங்கால் வெளியே போகிறது, அதற்குக் கீழே உள்ள எலும்பு உடம்பின் நடுக்கோட்டை நோக்கி உள்ளே சாய்கிறது. நாம் முழங்காலைப் பார்த்து வெளியே என்கிறோம். மருத்துவர்கள் மூட்டுக்குக் கீழே உள்ள பகுதி எங்கே சாய்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். கீழ்ப்பகுதி உள்ளே சாய்ந்தால் வேரஸ், வெளியே சாய்ந்தால் வால்கஸ். ஜெனு என்றால் முழங்கால். ஆக ஜெனு வேரம் வில்கால், ஜெனு வால்கம் முட்டிக்கால்.

இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் வருத்தப்பட வேண்டாம். லத்தீன் அகராதிகளில் வால்கஸ் என்ற சொல்லுக்கே வில்கால் என்று பொருள் போட்டிருக்கிறது. மருத்துவத்துக்குள் வந்தபோது பொருள் திரும்பிவிட்டது.

பிறக்கும்போதே வளைந்திருக்கும்

இப்போது அந்தப் பாட்டியின் பேரனுக்கு வருவோம்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தைக்கு இடம் போதாது. காலை மடக்கி, குறுக்கே போட்டுக்கொண்டுதான் உள்ளே இருக்கும். மாதக்கணக்கில் சுருட்டி வைத்த பாயை விரித்தால் உடனே தரையோடு படியுமா? ஓரம் மேலே சுருண்டுதான் நிற்கும். பிறந்த குழந்தையின் காலும் அப்படித்தான். 10 முதல் 15 பாகை வரை வெளியே வளைந்திருப்பது வழக்கம். உலகத்தில் பிறக்கும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் வில்காலோடுதான் பிறக்கின்றன. படுத்திருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. எழுந்து நின்று நடக்க ஆரம்பித்ததும் திடீரென்று கால் வளைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. பெரியவர்கள் கண்ணில் அது படுவது அப்போதுதான், பழி விழுவதும் அப்போதுதான்.

அப்புறம் என்ன நடக்கும்? ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் கால் நேராகிவிடும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு திருப்பம் இருக்கிறது. நேரான இடத்தில் கால் நிற்பதில்லை. அதைத் தாண்டி மறுபக்கம் போய், மூன்று நான்கு வயதில் நன்றாகவே முட்டிக்காலாகத் தெரியும். வில்காலுக்காகக் கவலைப்பட்டு ஓய்ந்த அதே வீடு இப்போது முட்டிக்காலுக்காகக் கவலைப்படத் தொடங்கும். பிறகு அதுவும் மெல்லக் குறைந்து, ஏழு வயது வாக்கில் பெரியவர்களின் காலுக்கு உள்ள அளவுக்கு வந்து சேரும். பெரியவர்களின் காலும் முழுக்க நேரல்ல. தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே ஐந்து முதல் ஏழு பாகை வரை முட்டிக்கால் பக்கம் சாய்வு இருப்பதுதான் இயல்பு.

இந்த ஏற்ற இறக்கத்தை 1975இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த சாலேனியுஸ், வங்கா என்ற இரண்டு மருத்துவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் காலை அளந்து எழுதினார்கள். இன்றுவரை மருத்துவர்கள் புரட்டிப் பார்க்கும் வரைபடம் அது.

பாட்டிமார்கள் எண்ணெய் போட்டு நீவியதால்தான் கால் நேரானது என்று ஏன் நம்புகிறார்கள் என்பதும் இதில் விளங்கும். நீவினார்கள், ஒன்றரை வருடத்தில் கால் நேரானது. நீவாத வீட்டிலும் அதே ஒன்றரை வருடத்தில்தான் நேராகியிருக்கும். எண்ணெய் தேய்த்து, நீட்டிய காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்தக் கைச்சூடும் தாலாட்டும் குழந்தைக்கு வேண்டும். ஆனால் காலை நேராக நீட்டி, இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு இன்னும் முற்றவில்லை. காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் தொடையெலும்பின் தலை குழியிலிருந்து நழுவும் அபாயம் கூடுகிறது. துணி சுற்றுவதாக இருந்தால் கை, மார்புப் பக்கம் சுற்றி, கால்களைத் தவளை மாதிரி மடங்கி விரியத் தளர்வாக விடுங்கள். மருமகள் கட்டாமல் விட்டது நல்லதுதான் என்று பாட்டியிடம் அன்று பக்குவமாகச் சொன்னேன்.

ஆக, குழந்தையின் கால் போகும் வழி இது: வில், நேர், முட்டி, பிறகு இயல்பு. 14 மாதத்தில் வில்கால் என்றால் கால் தன் வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சுவர் கட்டும் இரண்டு கொத்தனார்கள்

எலும்பு எப்படி தானாக வளைந்து தானாக நிமிர்கிறது? கம்பியை வளைப்பது போல யாரும் அதை வளைப்பதில்லை. அது வளரும் விதத்தில் இருக்கிறது ரகசியம்.

நீளமான எலும்பின் இரண்டு முனைகளுக்கும் அருகே, குழந்தைகளுக்கு மட்டும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். அதன் பெயர் வளர்தட்டு. அது குருத்தெலும்பால் ஆனது, அதாவது காதுமடலைத் தொட்டால் வளைகிறதே, அந்த வகை. எலும்பின் நீளம் முழுவதும் இந்தத் தட்டிலிருந்துதான் கூடுகிறது. வளர்ச்சி முடிந்ததும் தட்டு இறுகி எலும்பாகி மறைந்துவிடும். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14, 15 வயதில், ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 16, 17 வயதில்.

இப்போது ஒரு சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் ஒரு கொத்தனார், வலது ஓரத்தில் ஒரு கொத்தனார். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் செங்கல் அடுக்கினால் சுவர் நேராக ஏறும். ஒருவர் வேகமாகவும் மற்றவர் மெதுவாகவும் அடுக்கினால் சுவர் மெதுவானவர் பக்கம் சாயும். வளர்தட்டின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் இந்த இரண்டு கொத்தனார்கள்தான்.

அவர்களின் வேகத்தை முடிவு செய்வது பாரம். ஓரளவு பாரம் விழுந்தால் வளர்ச்சி தூண்டப்படும். அதனால்தான் நடமாடும் குழந்தையின் கால் தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. ஆனால் ஒரு பக்கம் அளவுக்கு மீறி நசுங்கினால் அந்தப் பக்கத்துக் கொத்தனார் திணறிப்போவார், வளர்ச்சி குறையும். ஹியூட்டர், ஃபோல்க்மன் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் 1862இலேயே இதைக் கவனித்து எழுதினார்கள்.

நாணை இங்கே கொண்டுவாருங்கள். வில்காலில் பாரம் இறங்கும் நூல் முழங்காலின் உட்பக்கம் போகிறது. லேசான வளைவில் அந்தப் பாரம் நன்மை செய்கிறது. வளைவு ஓர் எல்லையைத் தாண்டினால் அதே பாரம் உட்பக்கத்தை நசுக்கி, வளைவை இன்னும் கூட்டுகிறது. வளைவு கூடினால் நூல் இன்னும் உள்ளே போகும், நசுக்கலும் கூடும். தானாகச் சரியாகும் வில்காலும் தானாக மோசமாகும் வில்காலும் பிரிகிற இடம் இதுதான்.

கவலைப்பட வேண்டிய வில்கால்

முதலாவது, கொத்தனார்கள் இருந்தும் சிமெண்ட் வராத நிலை. இதன் பெயர் ரிக்கெட்ஸ். எலும்பு உறுதியாவதற்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதில் படிய வேண்டும். சாப்பாட்டிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது இல்லையென்றால் எலும்பின் கட்டுமானம் உருவாகும், இறுகாது. ஈரம் காயாத சுவர் மேல் ஆள் ஏறி நின்றது போல, குழந்தை நிற்கத் தொடங்கியதும் எலும்பு வளையும். மணிக்கட்டு தடித்திருக்கும், பல் முளைக்கத் தாமதமாகும், பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இருக்காது.

1650இல் இங்கிலாந்து மருத்துவர் கிளிசன் இந்த நோயைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். காரணம் தெரியாமல் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் போனது. 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் நோயுற்ற குழந்தைகள் மேல் புற ஊதாக் கதிர் விளக்கைக் காட்டி எலும்பு இறுகுவதைப் படம் பிடித்துக் காண்பித்தார். வெயிலில் இருக்கும் அதே கதிர்தான். அது தோலில் பட்டால் உடம்பே வைட்டமின் டி செய்துகொள்ளும்.

"பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம்?" என்று கேட்பீர்கள். வெயில் இருக்கிறது, பிள்ளைகள் வெயிலில் இல்லை. பன்னிரண்டாவது மாடி வீடு, குளிர்சாதனக் கார், குழந்தை காப்பகம், மறுபடி கார். ஜன்னல் வழியே விழும் வெயிலில் உட்கார வைத்தேன் என்கிறார்கள். அந்தக் கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடியே தடுத்துவிடும். நம்முடைய கறுத்த தோலில் உள்ள நிறமி அதே கதிரை வடிகட்டுவதால், வெளுத்த தோலைவிட நமக்கு அதிக நேரம் வேண்டும். அதனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் மலேசியாவில் வைட்டமின் டி குறைவு அரிதான விஷயமில்லை. தாய்ப்பாலிலும் இது குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாளிலிருந்தே தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், அதிகமானாலும் கெடுதல்.

இரண்டாவது பிளவுன்ட் நோய். இதை 1937இல் விரிவாக எழுதிய அமெரிக்க மருத்துவரின் பெயர் இதற்கு வந்தது. கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், உட்பக்கத்து வளர்தட்டு மட்டும் நின்றுபோகிறது. ஒரு கொத்தனார் வேலையை விட்டுப் போன கதை. சீக்கிரமே நடக்கத் தொடங்கிய பிள்ளைகளிடமும் உடல் எடை கூடிய பிள்ளைகளிடமும் இது அதிகம் காணப்படுகிறது. இரண்டு வயதுக்கு முன் இதையும் இயல்பான வில்காலையும் பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள மருத்துவருக்கே கஷ்டம். இரண்டு வயதுக்குப் பிறகு இயல்பானது குறையும், இது கூடும்.

வேறு அரிய காரணங்களும் உண்டு. பரம்பரையாக வருவது, எலும்பு முறிந்தபோது வளர்தட்டில் அடிபட்டது போன்றவை. அவை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியவை.

காரணம் என்று சொல்லப்படுபவை

இடுப்பில் தூக்கினால் கால் வளையுமா? வளையாது. கால் அகன்று தாயின் இடுப்பை அணைத்திருப்பது குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு நல்லதுகூட. பேம்பர்ஸ் காலை வளைக்காது. ஏணையில் போட்டாலும் வளையாது. பிள்ளை தானாக எழுந்து நின்றால் "காலு வளைஞ்சிடும், உட்கார வை" என்று இழுத்து உட்கார வைக்க வேண்டியதில்லை. வாக்கருக்கு நான் எதிரி, ஆனால் காரணம் வேறு. அது காலை வளைப்பதில்லை. பிள்ளையைப் படியில் உருட்டிவிடும், சூடான தண்ணீர் எட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும். கனடாவில் 2004இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள்.

கால்பந்து மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். வளரும் பருவத்தில் மிகக் கடுமையாகப் பயிற்சி எடுக்கும் பையன்களிடம் வில்கால் சற்று அதிகம் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாயங்காலம் திடலில் விளையாடும் பிள்ளையை அதற்காக நிறுத்த வேண்டாம். விளையாட்டின் நன்மை மிகப் பெரிது.

ஐம்பதுக்கு மேல் வளைவது

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். கால் விஷயத்தில் அது வளையும்.

வளர்தட்டு மூடிவிட்டதால் இங்கே கொத்தனார்கள் இல்லை. நடப்பது தேய்மானம். முழங்காலுக்குள் எலும்பு முனைகளின் மேல் வழவழப்பான குருத்தெலும்புப் பூச்சு இருக்கிறது. நேரான காலிலேயே, நடக்கும்போது முழங்காலில் விழும் பாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் உட்பக்கம் தாங்குகிறது. அதனால் உட்பக்கப் பூச்சுதான் பெரும்பாலும் முதலில் தேயும். ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு எப்படிச் சாயுமோ அப்படி முழங்கால் சாயும். சாய்ந்தால் நாண் இன்னும் உள்ளே போகும், உட்பக்கம் இன்னும் தேயும். இதுதான் மூட்டுத் தேய்வு. அந்த அக்காவின் கால் நேராக இருந்து வளைந்த கதை இதுதான்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் ஏறுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வயதான பெண்கள் பலர் ஒவ்வொரு படியிலும் முழங்காலைக் கையால் அழுத்தி, உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டி ஏறுவார்கள். பக்தியில் ஏறிவிடுகிறார்கள், மறுநாள் எழுந்திருக்க முடியாது. அவர்களை ஏறாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆறு மாதம் முன்பே வாருங்கள், தொடைத் தசையைப் பலப்படுத்திக்கொண்டு ஏறலாம் என்றுதான் சொல்வேன்.

பயிற்சியால் வலி குறையும், நடை தேறும். எடையைக் கொஞ்சம் குறைத்தாலும் முழங்கால் அதை உடனே உணரும். ஆனால் வளர்ந்தவரின் எலும்பைப் பயிற்சி நேராக்காது. இரண்டு காலையும் சேர்த்துக் கட்டும் பட்டை, "30 நாளில் நேரான கால்" என்று விளம்பரம் செய்யும் உடற்பயிற்சி எதுவும் நேராக்காது. வளைவை மாற்ற வேண்டுமென்றால் அறுவைச் சிகிச்சைதான்: எலும்பை வெட்டிச் சாய்வைத் திருத்துவது, அல்லது மிகவும் தேய்ந்திருந்தால் மூட்டையே மாற்றுவது.

வளரும் பிள்ளைக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது என்பதால்தான் காலத்தில் பார்க்கச் சொல்கிறேன். வளர்தட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய உலோகத் தகட்டை இரண்டு திருகோடு வைப்பார்கள். வேகமான கொத்தனாரின் கையைக் கொஞ்ச காலம் கட்டிப்போடுவதுதான் இது. மெதுவானவர் எட்டிப்பிடித்ததும் தகட்டை எடுத்துவிடுவார்கள். வளர்தட்டு மூடியபின் இந்த வாய்ப்பு இல்லை.

வீட்டில் பார்க்கும் முறை

பிள்ளையை வெறுங்காலோடு நிற்க வையுங்கள். முட்டி இரண்டும் நேராக முன்னால் பார்க்கட்டும். இது முக்கியம், ஏனென்றால் முட்டி பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நேரான காலும் வளைந்தது போலத் தெரியும். கணுக்கால் உட்புறங்கள் லேசாகத் தொடட்டும். முழங்கால்களுக்கு நடுவே எத்தனை விரல் போகிறது, அளவுகோலில் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள்.

இரண்டு வயதுக்கு மேலாகியும் வளைவு குறையாமல் கூடினால், இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டினால், வலி இருந்தால், பிள்ளை நொண்டினால், வயதுக்கு மிகவும் குள்ளமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால் எந்த வயதிலும் காத்திருக்க வேண்டாம். இயல்பான வில்கால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தடுப்பூசிக்காகத் தாய்சேய் கிளினிக் போகும் நாளிலேயே இதையும் கேட்டு, பிள்ளையின் ரெக்கார்ட் புத்தகத்தில் எழுதிவாங்கிக்கொள்ளலாம். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்தே கடிதம் கொடுப்பார்கள்.

அந்தச் சொல்லை யாரிடம் சொல்கிறோம்

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தச் சொல்லை நாம் பட்டப்பெயராக வைக்கிறோம். பள்ளியில் வைத்த பெயர் கல்யாண மண்டபம் வரை கூடவே வருகிறது. முப்பது வயதிலும் அரைக்கால் சட்டை போடத் தயங்கும் ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். காலில் வலியே இருக்காது. ஒரு பெயர் மட்டும் அங்கே இருக்கும்.

லேசான வில்காலோடு வாழ்நாள் முழுக்க ஓடி ஆடியவர்கள் உண்டு. பிரேசிலின் கால்பந்து வீரர் கரிஞ்சாவுக்கு ஒரு கால் வெளியேயும் மறுகால் உள்ளேயும் வளைந்திருந்தது, பத்து பெரிங்கி கடற்கரையில் காற்றுக்குச் சாய்ந்த தென்னைகள் போல இரண்டும் ஒரே பக்கம். அந்தக் காலோடுதான் 1958, 1962 உலகக் கிண்ணங்களை வென்ற அணிகளில் ஆடினார். அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எதிரணிக்குப் பிடிபடவே இல்லை.

மூட்டுவலி அக்கா எக்ஸ்ரே எடுத்து, இப்போது வாரம் இருமுறை பயிற்சிக்கு வருகிறார். ஆயர் ஈத்தாம் பையனுக்கு நான் சிகிச்சை எதுவும் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே சுவரருகே, அதே நிலையில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். போன வாரம் மூன்று படங்களை வரிசையாக வைத்துக் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். மூன்றாவதில் பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடைவெளி ஒரு விரலுக்குக் குறைந்திருந்தது.